தூங்குகிற ஏழு

தடைக்காலம் தொடங்கிய அன்றே
செலஸ்தீனா சொல்லிவிட்டாள்:
"நான் நண்டுக் கம்பெனிக்குப் போறேன்.
சோறு பானையில இருக்கு.
ஜூன்ல எல்.கே.ஜி. சேக்கணும்,
பிள்ளைக்கு எண்ணவாவது கத்துக்குடு."

எண்ணத் தெரியாதவனா நான்.
மிதவை எண்ணியிருக்கிறேன், ஈயமணி எண்ணியிருக்கிறேன்,
கடனை மட்டும் எண்ணாமல் வைத்திருக்கிறேன்.
மண்டபம் வடகடலில்
படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்க,
கிழிந்த வலையில் பத்து மிதவை அறுத்து
கயிற்றில் கோத்து
அன்சிலா முன்னால் வைத்தேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு.

மறுபடி.

ஆறு, எட்டு.

ஏழாவது மிதவைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன்.
தொட்டுப் பார்த்தாள்,
ஒட்டியதைக் கவுனில் துடைத்தாள்.
ஆறு, சிவப்பு, எட்டு.
"ஏழு எங்கம்மா?"
"தூங்குதுப்பா. சத்தம் போடாத."

எழுத்துக்குப் போனோம்.
உடைந்த ஐஸ் பெட்டித் தெர்மாகோலில்
பிளேடால் வெட்டினேன்.
ல வந்தது. ள வந்தது.
ழ மூன்று முறை இடுப்பில் ஒடிந்தது,
ஈர்க்குச்சி சொருகி நிமிர்த்தினேன்.
எல்லாவற்றையும் அள்ளித்
தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு
"எந்த எழுத்துப்பா முங்கும்?" என்றாள்.

அஞ்சாவதோடு நின்றவனுக்கு
இந்தக் கேள்வி எந்த வாத்தியாரிடமும் விழுந்ததில்லை.
யோசித்துப் பார்த்து
மூன்று ஈயமணியை எடுத்துப் போட்டேன்.
அடியில் போய்
ஒன்று மேலே இரண்டு கீழே உட்கார்ந்தன.
அக்கன்னா.
கை தட்டினாள்.
சாயங்காலம் வரை அதையே முக்கி எடுத்தோம்.

கழித்தல் கணக்கும் பார்த்தேன்.
"பத்து இறாலில் மூணு போனா?"
"எங்க போச்சு?"
"டீசலுக்கு."
"மூணு பத்தாதே."

கச்சான் காற்று மணலை வாரிக்
கதவில் அறைந்த மத்தியானங்களில்
சிரட்டை விளையாட்டு.
கவிழ்த்த சிரட்டைக்குள் சோழி, முள்சங்கு, ஐவிரல் சங்கின் குஞ்சு,
எல்லாம் சோடி சோடியாய்.
ஒன்றைத் திறந்து அதன் சோடியைக் கண்டுபிடிக்க வேண்டும்.
வலை மாட்டும் பாறை எங்கே என்று
கறுத்த தண்ணீரில், இருட்டில், சொல்லுவேன் நான்.
என் வீட்டுத் தரையில்
முள்சங்கு எங்கே என்று தெரியவில்லை.
அவள் பாராமலே திறந்தாள்.
ஏழு சோடி பிடித்தாள்.
எண்ணினாள்: "ஆறு, எட்டு."
ஆமாம், எட்டு என்றேன்.
தோற்றவன் வேறென்ன சொல்வது.

ஏற்றுமதி இறால் அட்டைப்பெட்டியை
பன்னிரண்டு துண்டாய் வெட்டிப் போட்டதுதான் தப்பு.
படத்திலிருந்த இறாலை இரண்டு நாளும் சேர்க்கவில்லை.
வாலைத் தலையில் வைத்தாள்,
மீசையை நடுவில் நட்டாள்.
"தப்பும்மா."
"இது வேற மீன்ப்பா. நீ இன்னும் பிடிக்கல."

ராத்திரி எட்டரைக்கு செலஸ்தீனா வந்தாள்.
விரல் நுனி ஊறி வெளுத்து,
ஓடு கீறிய கோடுகளோடு.
நின்ற வாக்கில் குனிந்து
டக் டக்கென்று பன்னிரண்டையும் பொருத்தினாள்.
"காலையிலேர்ந்து நண்டைப் பிரிச்சவளுக்கு
ஒரு இறாலைச் சேர்க்கத் தெரியாதா?"
அன்சிலா கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு கண் இருந்த துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு
பாயில் போய்ப் படுத்தாள்.
யாரும் கேட்கவில்லை.

தடை முடிந்தது.
டோக்கன் வாங்கி, டீசல் அடித்து,
ஐஸ் ஏற்றும்போது நான்தான் கணக்கு.
கை மாற்றிக் கை மாற்றிப் பெட்டிகள் வந்தன,
சத்தமாய்ச் சொல்லிக்கொண்டே அடுக்கினேன்.
இருபது என்றதும் கயிற்றை அவிழ்த்தார்கள்.

கரை விளக்கெல்லாம் ஒரே கோடாகிவிட்ட பிறகு
நம்புராஜன் கீழே இறங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினான்:
"இருபதுன்னியே, பத்தொம்பதுதான் இருக்கு.
ஒண்ணு எங்கடா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தூங்குது" என்றேன்.
என்னை முறைத்துவிட்டு
வீல் பிடிக்கப் போனான்.